விட்டுவைத்த கல்: வொர்த் மேட்ராவர்ஸை எப்படிப் பார்ப்பது

ஒரு குளம், குளத்தில் வாத்துகள், அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கல்வீடுகள், மேட்டில் ஒரு பழைய தேவாலயம், ஊர் முனையில் ஒரு மதுக்கடை. இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருக்கும் வொர்த் மேட்ராவர்ஸை அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள்: குளத்தருகே ஒரு படம், கடையில் ஒரு கோப்பை சைடர், திரும்ப கார். ஊர் அழகாக இருந்தது, அமைதியாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்த அமைதிக்கு வயது நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக இங்கே உளிச் சத்தம்தான். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நிலத்தில் கல் எடுத்தார்கள், கடலைப் பார்த்த செங்குத்துப் பாறையைக் குடைந்தும் எடுத்தார்கள். எடுத்த கல் கப்பலேறி லண்டனுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டது. அதை இங்கே தேடிப் பயனில்லை. எடுக்காமல் விட்டது எது, ஏன் விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தால் ஊர் தானாகப் பிடிபடும். கூரையைத் தாங்க விட்ட தூண், தரையாக விட்ட படுகை (பாறை அடுக்கு), விலை போகாமல் வேலியான கழிவு என்று பார்க்க வேண்டியதெல்லாம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

இரண்டு கல், இரண்டு தொழில்

இந்தப் பகுதிக்கு பர்பெக் தீவு என்று பெயர். தீவு பெயரில்தான், உண்மையில் தீபகற்பம். இங்கே கிடைப்பது சுண்ணாம்புக்கல். நம் ஊர்க் கருங்கல்லோடு இதை ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். கருங்கல் உருகிக் குளிர்ந்த பாறை, படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. இது கடலடியிலும் உப்பங்கழியிலும் சேறும் கிளிஞ்சலும் படிந்து இறுகியது. அதனால் அடுக்கடுக்காக இருக்கும். வாளால் அறுக்கலாம், உளியால் சீவலாம். ஒரு கன அடி சுமார் 65 கிலோ, கருங்கல்லைவிடப் பத்துக் கிலோ குறைவு.

பர்பெக்கில் இந்தக் கல் இரண்டு தொகுதியாக வருகிறது. கீழே, கடலோரப் பாறையில் தெரிவது போர்ட்லாந்து படுகைகள். பருமனான, ஒரே சீரான கல். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒத்துழைக்கும். துறைமுகச் சுவர், பாலம், பெரிய கட்டடம் என்றால் இதுதான். அதற்கு மேலே, மேட்டு நிலத்தில் இருப்பது பர்பெக் படுகைகள். மெல்லிய அடுக்குகள், நடுவில் களிமண். நடைபாதைக்கு ஒரு அடுக்கு, கூரைக்கு ஒரு அடுக்கு, வாசற்படிக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் தொழிலாளிகள் வைத்த பெயர் உண்டு. எந்த அடுக்கு எந்த வேலைக்கு என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த பாடம்.

பர்பெக் தொகுதியின் உச்சியில் இருப்பதுதான் புகழ்பெற்ற ‘பர்பெக் மார்பிள்’. பெயரில் பளிங்கு இருந்தாலும் இது பளிங்கு இல்லை. நன்னீர் நத்தை ஓடுகள் நெருக்கமாகச் சேர்ந்த சுண்ணாம்புக்கல். தேய்த்தால் பளிங்குபோல் பளபளக்கும், அவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களின் மெல்லிய கருந்தூண்கள் பல இந்தக் கல். 1220இல் தொடங்கிய சாலிஸ்பரி பெருங்கோயிலில் அதை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். படுகை மெல்லியது என்பதால் நீளமான தூண் வேண்டுமென்றால் கல்லை அது கிடந்தபடி அடுக்க முடியாது. நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திய கல்லில் அடுக்குகள் மேலிருந்து கீழாக ஓடும். வெளிச்சுவரில் வைத்தால் மழையும் பனியும் அந்த அடுக்குகளுக்குள் இறங்கிச் செதில் செதிலாக உரித்துவிடும். உள்ளே இருக்கும் தூண்கள் மின்னுவதற்கும் வெளியே வைத்தவை மங்கி உரிவதற்கும் காரணம் இதுதான்.

கூரையை நிமிர்ந்து பாருங்கள்

ஊருக்குள் முதலில் பார்க்க வேண்டியது கூரை. பழைய வீடுகளில் ஓடு வேய்ந்த இடத்தில் கல் வேய்ந்திருப்பார்கள். கூரையின் அடிவரிசையில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை. அழகுக்காகச் செய்ததுபோல் தெரியும், காரணம் வேறு. பலகை எடுக்கும் அடுக்கு எல்லா அளவிலும் உடையும். எதையும் வீணாக்காமல் அளவு வாரியாகப் பிரித்து, கனமானதைச் சுவரின் மேலேயே உட்கார வைத்துவிடுவார்கள். மழைநீர் அதிகம் சேர்வதும் அடிவரிசையில்தான். பெரிய பலகைக்கு இணைப்பு குறைவு, கசிவும் குறைவு.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. சதுரமும் 3 செ.மீ. கனமும் உள்ள ஒரு பலகை சுமார் 25 கிலோ. ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் ஏறி உட்கார வேண்டும் என்பதால் கூரையின் எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு கனம் இருக்கும். சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்குக் குறையாது. பழைய வீடுகளின் கூரை நடுவில் தொய்ந்து தெரிவது இந்தப் பாரத்தால். கல் கெடுவதில்லை, அதைப் பிடித்திருக்கும் ஆணியோ மரமுளையோதான் முதலில் கெடும், பிறகு பலகை நழுவும். அதனால் பழைய கூரையைப் பிரித்தாலும் கல்லைத் தூக்கிப் போட மாட்டார்கள், மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

அடுத்து சுவர். வயல் வேலிகள் சுண்ணமோ சிமெண்டோ இல்லாமல் அடுக்கியவை. இரண்டு முகம், நடுவில் சல்லி, இடையிடையே இரு முகத்தையும் பிடிக்கும் நீளக்கல், உச்சியில் நெட்டுக்குத்தாக ஒரு வரிசை. இந்தக் கல் பெரும்பாலும் குவாரிக் கழிவு. இவற்றின்மேல் ஏறித் தாண்டக் கூடாது. உச்சி வரிசை ஒன்று சரிந்தால் மழை நடுச்சல்லியில் இறங்கும், அடுத்த பனிக்காலத்தில் சுவர் வயிறு தள்ளும், பிறகு ஒரு நாள் பொத்தென்று விழும். தாண்டுவதற்கென்றே படிக்கல் வைத்த இடங்கள் இருக்கின்றன.

தேவாலயம் நார்மன் காலத்துக் கட்டடம். அதன் முற்றத்தில் பென்ஜமின் ஜெஸ்டி என்ற விவசாயியின் கல்லறை இருக்கிறது. எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைத் தடுப்பூசியைச் சோதித்தது 1796இல். இவர் 1774லேயே பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்துத் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் குத்திவிட்டவர். பின்னாளில் இந்த ஊருக்குக் குடிவந்து 1816இல் இறந்தார். இதை முதலில் செய்தவர் என்று கல்லறையில் பொறித்தவர்கள், ‘அறிந்த வரையில்’ என்ற பொருளில் ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்கள். கல்லில் அடைப்புக்குறி வெட்டும் அளவுக்கு நிதானம்!

மதுக்கடையின் பெயர் ‘ஸ்குயர் அண்ட் காம்பஸ்’. மூலமட்டமும் கவராயமும். கல்தச்சனின் இரண்டு கருவிகள். 1907 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. உள்ளே நீள மேசை இல்லை, ஒரு சிறு சன்னல் வழியாகத்தான் பரிமாறுவார்கள். பக்கத்து அறையில் இந்தப் பகுதியில் கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. கடற்பாறைக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே சுவரில் வட்டமாகத் தெரிவது என்னவென்று கண்ணுக்குப் பிடிபடும். போர்ட்லாந்து படுகையில் வண்டிச் சக்கரத்தை நினைவூட்டும் ராட்சச அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்) இருக்கும்.

பாறையைக் குடைந்த முறை

ஊரிலிருந்து தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் இறங்கினால் வின்ஸ்பிட். பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைச்சரிவில் படிக்கட்டுபோல் மேடைகள் தெரியும். அவை குவாரி இல்லை. இடைக்காலத்தில் உழவுக்காகச் சரிவை வெட்டிச் சமன் செய்த வயல்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அவை தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் வெறும் புல்.

கடலை எட்டியதும் பாறையில் கதவு கதவாகத் திறப்புகள். மேலிருந்து மண்ணைத் தோண்டி எடுக்காமல் ஏன் குடைந்தார்கள்? நல்ல கல் பாறையின் அடியில் இருக்கிறது. அதன்மேல் பல மீட்டர் கனத்துக்கு விலைபோகாத பாறை. எல்லாவற்றையும் அகற்றினால் கூலி கட்டுப்படியாகாது. பக்கவாட்டில் நுழைந்தால் வேண்டிய படுகையை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

உருவுவதற்கும் ஒரு தந்திரம் வேண்டும். அவர்கள் குறிவைத்த படுகை ‘அண்டர் ஃப்ரீஸ்டோன்’. அதன்மேல் ‘அண்டர் பிக்கிங் கேப்’ என்று ஒரு படுகை. பெயரிலேயே வேலை இருக்கிறது, பிக்காக்ஸ் போட்டுக் கொத்தி எடுக்க வேண்டியது. அதற்கும் மேலே ‘ஹவுஸ் கேப்’, கெட்டியான கல். கொத்தும் படுகையை முதலில் கொத்தி எடுத்தால் நல்ல கல்லுக்கும் மேல்பாறைக்கும் நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும். பாறையில் இயற்கையாகவே செங்குத்து வெடிப்புகள் ஓடுகின்றன; இரண்டு பக்கம் அந்த வெடிப்பு, மேலே இந்த இடைவெளி, முன்னே திறந்த முகம். பிறகு படுகையின் அடியிலோ பின்னாலோ ஆப்படித்து நெம்பினால் கல் முழுசாகப் பெயர்ந்து வரும். வெடிமருந்து போட்டால் வேகமாக வரும், ஆனால் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். தச்சன் பாதி செதுக்கிய பிறகுதான் அது வாயைப் பிளக்கும். விலை கிடைக்கும் கல்லில் அந்தச் சூதாட்டம் ஆடமாட்டார்கள்.

பெரிய கல்லைப் பிளக்கும் முறையை நம் ஊர் ஒட்டர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கோடு போட்டு வரிசையாகக் குழி வெட்டுவது, குழிக்கு ஒரு இரும்பு ஆப்பு, ஆப்பின் இரு பக்கமும் ஒரு தகடு. தகடு இல்லாமல் ஆப்பை அடித்தால் அதன் முனை குழியின் அடியில் முட்டிக் கல்லை நொறுக்கும். தகடு இருந்தால் விசை பக்கவாட்டில் தள்ளும். ஒரே ஆப்பை ஓங்கி அடிக்காமல், வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடியாகப் போய்த் திரும்பி வர வேண்டும். சத்தம் மாறும். கணீரென்று இருந்தது மொத்தையாக ஒலித்தால் உள்ளே பிளவு ஓடிவிட்டது என்று பொருள்; அப்போது கையை நிறுத்திவிடுவார்கள். கைவிட்ட கற்களில் இந்தக் குழிவரிசை பாதியில் நிற்பதை வின்ஸ்பிட்டில் தேடிப் பாருங்கள்.

உள்ளே அங்கங்கே பாறைத்தூண் நிற்கும். அது நல்ல கல். விற்றால் காசு. இருந்தும் விட்டார்கள், மேலிருக்கும் பாறை இறங்கிவிடக் கூடாது என்று. தரை மட்டமாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: நல்ல கல்லுக்கு அடியில் தொடங்குவது சக்கிமுக்கி முடிச்சுகள் நிறைந்த படுகை. உளி அதில் பட்டால் முனை மழுங்கும். எனவே அந்த மட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கிழக்கே டான்சிங் லெட்ஜில் கடலுக்குள் நீட்டிய அகலமான கல்மேடையும் இப்படிக் கல் எடுத்த பிறகு மிஞ்சிய தரைதான்.

எடுத்த கல்லை ஏற்றுவதற்குத் துறைமுகம் கிடையாது. பாறை விளிம்பில் ‘விம்’ என்ற மரத்தூக்கி ஒன்றை நட்டு, கையால் சுற்றிக் கல்லைப் படகில் இறக்கினார்கள். படகு கல்லைக் கொண்டுபோய் ஆழத்தில் நிற்கும் பாய்மரக் கப்பலிடம் சேர்க்கும். தென்மேற்குக் காற்று வீசினால் அலை இந்தப் பாறையில் நேராக வந்து மோதும். வாரக்கணக்கில் ஒரு கல்கூட ஏற்ற முடியாது. குளிர்காலம் முழுக்கக் கல் குவியும், கூலி குவியாது. ஸ்வானேஜ் அருகே ‘டில்லி விம்’ என்ற குடைவுகளுக்கு அந்தத் தூக்கியால்தான் பெயர் வந்தது. 1812 வாக்கில் அங்கே தொழில் நின்றது, 1887இல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள், கல் விழுந்து 1976இல் மூடினார்கள். வின்ஸ்பிட்டில் 1940 வாக்கு வரை வேலை நடந்தது.

மேட்டு நிலத்தில் வேலை வேறு விதம். அங்கே சாய்வான சுரங்கம், பக்கத்தில் படிக்கட்டு, மேலே கழுதையோ குதிரையோ சுற்றும் மரச்செக்கு. சங்கிலியில் கட்டிய வண்டி கல்லோடு சரிவில் ஏறி வரும். உள்ளே எடுத்த இடத்தில் கழிவுக் கல்லைத் தூணாக அடுக்கிக் கூரையைத் தாங்க வைப்பார்கள். அதற்கு ‘கால்’ என்றே பெயர். பக்கத்து ஊர்களான லாங்டன், ஆக்டன் பக்கம் வயல்களில் மேடும் பள்ளமுமாக இருக்கும் இடங்கள் அந்தச் சுரங்கங்களின் வாய்.

கயிறும் கடப்பாரையும்

வின்ஸ்பிட்டுக்கும் அடுத்த பள்ளத்தாக்கான சீகோமுக்கும் நடுவில் கடற்கரைப் பாதை ஓடுகிறது. 1786 ஜனவரி 6 அன்று அதிகாலை, மெட்ராசுக்குப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ‘ஹால்ஸ்வெல்’ பனிப்புயலில் இந்தப் பாறையில் மோதி உடைந்தது. 240க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், கேப்டனின் இரண்டு மகள்கள் உட்பட. பிழைத்தவர்கள் 74 பேர். அவர்களை மேலே ஏற்றியவர்கள் குவாரித் தொழிலாளிகள்.

எப்படி ஏற்றினார்கள் என்பது அக்காலப் பதிவுகளில் இருக்கிறது. பிழைத்தவர்கள் பாறையின் அடியில் ஒரு குகைக்குள்ளும் அதைச் சுற்றிய திட்டுகளிலும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்பாறை முன்னுக்கு நீண்டிருந்ததால் மேலிருந்து பார்த்தால் அவர்கள் தெரியவில்லை. இரண்டு பேர் எப்படியோ ஏறி வந்து குவாரி மேற்பார்வையாளரின் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. தொழிலாளிகள் தரையில் ஒரு இரும்புக் கடப்பாரையை ஆழ அடித்து அதில் கயிற்றைக் கட்டினார்கள். அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் விளிம்பில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் இரண்டு. சுருக்கிட்ட இன்னொரு கயிற்றைக் கீழே விட்டார்கள். காற்று அதைப் பாறைக்கு அடியில் தள்ளியபோது சிலர் பிடித்துச் சுருக்கை உடம்பில் மாட்டிக்கொண்டார்கள். கல்லை இறக்கப் பழகிய கைகள் அன்று ஆளை ஏற்றின. அந்த விளிம்பில் இன்றும் கைப்பிடி கிடையாது. காற்று பலமாக இருக்கும் நாளில் இந்தப் பகுதியை விட்டுவிட்டு உள்நாட்டுப் பாதையில் திரும்புவதே புத்தி.

போகிறவர்களுக்கு

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேர்ஹம் வரை ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து கார்ஃப் காசில், லாங்டன் வழியாக ஸ்வானேஜ் போகும் பேருந்தைப் பிடித்து லாங்டனில் இறங்கினால் மூன்று கிலோமீட்டர் நடை. குளிர்காலத்தில் பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காரில் போனால் மதுக்கடைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் விடுங்கள். உள்தெரு ஒரு டிராக்டருக்கு மட்டுமே போதும்.

வொர்த், வின்ஸ்பிட், சீகோம், மறுபடி வொர்த் என்ற சுற்று ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் பார்த்துக்கொண்டு நடந்தால் மூன்று மணி நேரம் வேண்டும். மழைக்குப் பின் பள்ளத்தாக்குப் பாதையில் களிமண் செருப்பைப் பிடுங்கும். கணுக்கால் வரை மூடிய பூட்ஸ் தேவை. குடைவுகளில் சில வேலி போட்டு மூடியவை. வௌவால்களுக்காகவும் கல் விழும் ஆபத்துக்காகவும் அப்படிச் செய்திருக்கிறார்கள். திறந்திருப்பவற்றையும் வாசலில் நின்று பார்ப்பது போதும்: பனியும் உப்பும் வெடிப்புகளை ஒவ்வொரு ஆண்டும் அகட்டுகின்றன, தூண் விட்டுவைத்த காலத்தில் இருந்த பலம் இன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தரையில் கிடக்கும் கல்லில் விளிம்பு கூர்மையாகவும் நிறம் வெளிறியும் இருந்தால் அது அண்மையில் விழுந்தது. கடல்மேடையில் வெயில் காய்கிறவர்கள் கடலுக்கு முதுகு காட்ட வேண்டாம். தூரத்துப் புயலின் அலை அமைதியான நாளிலும் திடீரென்று மேடையைக் கழுவும்.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் இருந்தால் கார்ஃப் காசிலுக்குப் போங்கள். பர்பெக் கல்தொழிலாளர் சங்கம் அன்றைக்குத்தான் கூடும். சங்கத்தில் இருப்பவரின் மகன்தான் தொழில் பழகலாம் என்பது பழைய விதி. புதிதாகச் சேர்பவர் 6 ஷில்லிங் 8 பென்சும் ஒரு ரொட்டியும் பீரும் கொண்டுவர வேண்டும். பழைய கப்பல்துறைக்குச் செல்லும் பாதைக்கு வாடகையாக ஒரு பவுண்டு மிளகு கொடுக்கும் வழக்கமும் உண்டு. கல் போகும் பாதைக்கு வாடகை மிளகு. நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது.

நேரம் மிச்சம் இருந்தால் வொர்த்திலிருந்து கிழக்கே, பாதிரியார் நடந்ததால் ‘பிரீஸ்ட்ஸ் வே’ என்று பெயர் பெற்ற வண்டிப் பாதையில் போங்கள். இருபுறமும் இன்றும் வேலை நடக்கும் சிறு குவாரிகள், லாரி வரும், ஒதுங்கி நிற்க வேண்டும். ஸ்பைவே அருகே ஒரு பழைய குவாரியில் 1997இல் மண்ணை விலக்கியபோது ஒரு படுகை முழுக்கக் குழிகள் தெரிந்தன. தாவரம் தின்னும் ராட்சச டைனோசர்கள் நடந்த தடங்கள், நூற்றுக்கும் மேல். அந்தப் படுகையை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். திறந்தே கிடக்கிறது. உச்சி வெயிலில் பார்த்தால் சாதாரணப் பள்ளம்போல் இருக்கும்; மழை விட்ட பிறகு போனால் ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நின்று வரிசை பளிச்சென்று தெரியும்.